நீ கல்யாணமாகாதவன் என்பதற்கு இரண்டு சாட்சிகள்

மகனே அமல்,

போடிமெட்டுக்கு மேற்கே ஜீப் போகிற பாதைகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியும், கொண்டை ஊசி வளைவுகளின் காவலனும், உன் அம்மாவின் கணக்கில் சுத்த உதவாக்கரையுமான உன் அப்பன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். என் மூட்டுவலி என்னைவிடச் சுகம். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்து நீ பல்லைக் காட்டிக்கொண்டு அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. பக்கத்தில் ப்ளாய் உட்கார்ந்து உனக்கு ஏதோ கஞ்சி ஊட்டுகிறாள். கீழே நீ எழுதியிருந்தாய்: பைக் சறுக்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, கல்யாணத்தைப் பதிய எம்பஸியில் கேட்கிற அந்தக் ‘கல்யாணமாகாதவன்’ சர்ட்டிபிகேட்டை முடிந்தால் வாங்கி அனுப்புங்கள், அவசரமில்லை என்று. அவசரமில்லையாம். உன் சேவியர் சித்தப்பாவும் அவசரமில்லை அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் சாவதற்கு மட்டும் அவசரப்பட்டான். போனில் சொன்னால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். கட்டுப் போட்ட காலோடு எங்கும் ஓட முடியாது, முழுக்கப் படி.

அந்தச் சர்ட்டிபிகேட் வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டுமானால், உன் கல்யாணக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். தாய்லாந்தில், ப்ளாயின் ஊரான சியாங் மாயில், புத்த பிக்குகள் முன்னால் நீயும் ப்ளாயும் மண்டியிட்டு உட்கார, ஒரே வெள்ளை நூலை இரண்டு தலையிலும் வளையமாகச் சுற்றி, பெரியவர்கள் சங்கில் நீர் எடுத்து உங்கள் கைகளில் ஊற்றிய படங்களை அனுப்பினாய். அங்கே அது சடங்கு மட்டும்தான். ஆம்ப்பூர் என்று சொல்கிறாயே, அந்த ஊர் தாலுகா ஆபீஸ், அங்கே போய் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சட்டத்துக்கு அது கல்யாணம், அதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னாய். அந்தப் ‘பிறகு’ மட்டும் என் காதில் விழவே இல்லை. ஏனென்றால் அதற்குள் இங்கே ஊர் வேறு ஒன்று பேசத் தொடங்கியிருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்காமல், நம் சனத்தில் எவனுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது? “ஒங்க பய அங்கன சும்மா சேந்து இருக்கானாமே” என்று உன் அம்மாவிடம் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். உன் அம்மா இரண்டு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சக்கரவர்த்தி சும்மா இருப்பானா? உனக்குச் சாமியார் வாசிக்காத ஓலையை நான் ஜீப்பில் வாசித்தேன். காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஏறுகிற பெண்களை நெருக்கி அடைத்து மலையேற்றும்போது முதல் நாள் ஒரே ஒரு யானையில் உன்னை ஏற்றினேன். அது கேட்பதற்கு நன்றாக இருந்தது. மறுநாள் யானைக்குத் துணையானை வேண்டும்போல் இருந்தது. அந்த வாரக் கடைசியில் பதினொரு யானை, தங்க அம்பாரி, ராசா வீட்டுச் சமையற்காரர்கள், பிக்குகள் மட்டும் மூவாயிரம் பேர். ப்ளாயின் அப்பா, பாவம், லாங்கான் பழத்தோப்பு வைத்திருக்கிறவர், அவரை மாகாணத்துக்கே திவானாக்கினேன். ஜீப்புக்குக் காதும் வாயும் உண்டு மகனே. நான் சூரியநெல்லி போய்ச் சேர்வதற்குள் கதை எனக்கு முன்னால் போய் டீ குடித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் அதே பெண்கள் இறங்கும்போது அது போடிக்கும் இறங்கிப் போனது. இரண்டு மாநிலத்திலும் உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கு முத்திரை குத்த, உன் அம்மா கோயில் மண்டபத்தில் பிரியாணி போட்டாள். நூல் சுற்றிய படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, வாசலில் வைத்தோம். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், தின்றார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை அளந்தால் ஆனைமுடி ஒரு முழம் குட்டை.

உன் நூல் படத்துக்கு மாலை போட்ட நாங்கள், அதே நூலைச் சுற்றிக்கொண்ட சேவியருக்கு என்ன செய்தோம் என்று உனக்குப் பாதிதான் தெரியும். அவன் இங்கே அரசாங்கப் பட்டறையில் ஃபிட்டர் வேலையிலிருந்து முன்கூட்டியே விலகி, பென்ஷனை வாங்கி வைத்துக்கொண்டு, தாய்லாந்துக் கடற்கரை ஊரான ஹுவா ஹினில் ஒரு ஓட்டலுக்கு மோட்டாரும் குழாயும் பார்க்கப் போனவன். அங்கே நிட்டைக் கண்டான். நூலும் சுற்றினார்கள், நீரும் ஊற்றினார்கள். நீ தாய்லாந்துக்குப் படிக்கப் போனபோது உனக்குச் சோறு போட்டு, உன் துணியைத் துவைத்து, காய்ச்சலில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்; நீ சித்தி என்று கூப்பிடுகிறவள். நான் அவனிடம் ஒருமுறை, முறையாக எழுதி வைத்துக்கொள் என்று சொன்னேன். “நூல் சுத்தியாச்சுல்லண்ணே, இன்னும் என்ன தாளு?” என்றான். அவன் பென்ஷன் காகிதத்தில் குடும்பம் என்ற இடத்தில் கடைசி வரை எங்கள் அம்மாவின், உன் பாட்டியின், பெயர்தான் இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். செத்தவள் பெயரை எழுதி வைத்துவிட்டு, உயிரோடு பக்கத்தில் படுத்திருந்தவளின் பெயரை எழுத அவனுக்கு நேரமில்லை.

ஓட்டல் மாடியில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அங்கே எரித்து, எலும்பில் பாதியை அவர்கள் கோயிலில் வைத்துவிட்டு, மீதியை ஒரு சின்னப் பானையில் எடுத்துக்கொண்டு நிட் தனியாக வந்து இறங்கினாள். உனக்குப் பரீட்சை. நான்தான் ஜீப்பில் கூட்டி வந்தேன். வழியெல்லாம் பானையை மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள், உள்ளே இருக்கிறவனுக்குத் தலைசுற்றும் என்பதுபோல. கல்லறையில் வைத்தாயிற்று. பிறகு ஆபீஸ் ஆபீசாக அலைந்தோம். இங்கே பென்ஷன் ஆபீசில் கேட்டார்கள்: கல்யாண சர்ட்டிபிகேட் எங்கே? அவள் திரும்பிப் போய், அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பாதுகாப்பு நிதிக்காக அங்கே கேட்டாள். அவர்களும் கேட்டார்கள்: ஆம்ப்பூர் பதிவு எங்கே? இரண்டு தேசத்து அரசாங்கங்கள், தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டன. இப்படி ஒரு ஒற்றுமையை நான் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரன் அங்கே நிலம் வாங்க முடியாது என்ற சட்டத்தின் புண்ணியத்தில் வீடு மட்டும் அவள் பெயரில் இருந்தது. இல்லாவிட்டால் அதையும் இழந்திருப்பாள். இந்த வயதில் ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை பிழிகிறாள். அதே ஊரில் வேலை பார்க்கிற நீ அதைத் தினமும் பார்க்கிறாய்.

இங்கே அவன் பேரில் இருந்த ஏலத்தோட்டத்துக்கு வாரிசு விசாரணை வந்தது. ஃபிட்டர் சேவியர் கல்யாணமாகாதவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வேண்டும். என் தங்கை ரோசம்மாளின் புருஷன், உன் தொம்மை மாமா, கையெழுத்துப் போட்டார். தோட்டம் எனக்கும் ரோசம்மாளுக்கும் பாதிப் பாதியாக வந்தது. நான் அந்தக் கையெழுத்தைப் பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன். பொய் என் தொழில், அதன் வீட்டுக்கதவு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். இது சுத்தமான உண்மை. உண்மையை வைத்து ஒருத்தியின் கழுத்தை அறுக்கிறபோது எங்கே பிடித்துத் தடுப்பது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. என் பாதியில் பறிக்கிற ஏலக்காயை விற்று ஒவ்வொரு பறிப்புக்கும் அவளுக்கு அனுப்பிவந்தேன். அதற்காகத் தொம்மை என்னோடு பேசுவதை நிறுத்தினார். நானும் அவர் கையெழுத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது உன் சர்ட்டிபிகேட்டுக்கு வருகிறேன். உன் படம் வந்த மறுநாளே வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் மலையாளி, நல்ல மனுசன். விண்ணப்பத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், என்னைப் பார்த்தார்.

“சேட்டா, இந்தக் கல்யாணத்தின்றெ பிரியாணி ஞானும் தின்னதல்லே? யானை எத்தனைன்னு பறஞ்ஞது, பதினொண்ணா?”

“சார், ஒரு யானைகூட இல்ல.”

“செரி, யானை இல்லா. கல்யாணமும் இல்லெங்கில், பிரியாணி எந்தினு?”

மூவாயிரம் பிக்குகளுக்குச் சோறு போட்டவனிடம், அந்த ஒரு பிரியாணி எதற்கு என்று கேட்கிறார். நான் நூலையும் ஆம்ப்பூரையும் விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் கண்ணால் பார்த்த விருந்தை மறந்துவிட்டு எழுத முடியாது, வீட்டுக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கிறவர்கள் வந்து உனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்தால் தாசில்தாருக்கு அனுப்புகிறேன் என்றார். நியாயந்தான். கூத்தைக் கவனித்தாயா? இருபது வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினவனை ஊரே கல்யாணமாகாதவன் என்றது. இன்னும் கல்யாணம் பதியாத உன்னை ஊரே கல்யாணமானவன் என்கிறது. இரண்டு தடவையும் உதை வாங்குவது அந்தத் தேசத்துப் பெண்தான்.

ஜீப் ஸ்டாண்டில் ஒவ்வொருவரையும் பிடித்து உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “சர்க்கார் காரியத்துல பொய் சொல்லச் சொல்லாதீகண்ணே” என்று நழுவினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியில் ஏறி நின்று நானே ஒரு தலைகீழ் ஓலை வாசித்தேன். என் மகன் அமலுக்கும் தாய்லாந்துப் பெண் ப்ளாய்க்கும் இன்னும் திருமணம் நடக்கவில்லை, நடந்ததாக நான் சொன்னதெல்லாம் புளுகு என்று சத்தம் போட்டுச் சொன்னேன். சனம் கைதட்டிச் சிரித்தது. “அண்ணே, அப்ப அந்த யானையெல்லாம் வாடகையாண்ணே?” என்று ஒரு பயல் கேட்டான். என் வாழ்நாளில் அத்தனை பேருக்கு முன்னால் நான் உண்மை பேசியது அன்றைக்குத்தான். நான் சொன்னதிலேயே பெரிய புளுகு அதுதான் என்று எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். உன் அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

கிழக்குப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டாள். பிரியாணிக்கு வெங்காயம் உரித்த அன்றைக்கே உன் அம்மா அவளிடம் எல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள். வெங்காயத்தின் மேல் பழி போட்டிருக்கிறார்கள் இரண்டு பேரும். மேற்குப் பக்கம் யார் என்று உனக்குத் தெரியும். தொம்மை மாமா.

அவர் வாசலில் ஏலக்காயைப் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன். காயைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“சேவியருக்கு ஒண்ணு போட்டேன். ஒங்க மகனுக்கும் அதே கையெழுத்தா மச்சான்?”

“அதேதான் மாப்ள.”

“அன்னிக்கிப் போட்டதுக்கு இன்ன வரைக்கும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போறீக. இன்னிக்கி அதுக்குத்தான் வாசல்ல நிக்கிறீக.”

நின்றேன். பிறகு அவர் விலையைச் சொன்னார். சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. சேவியர் தோட்டத்தில் என் பாதியை ரோசம்மாள் பெயருக்கு எழுதிவிட வேண்டும். “நம்ம மண்ணுல வெளையிறது கடல் தாண்டிப் போறது எனக்குப் பிடிக்கல. அந்தப் பொம்பள நம்மளுக்கு யாரு? நீங்களே சொல்லுங்க, தாள்ல யாரு?”

நான் ஒரு யானையைக் கூப்பிட்டுப் பார்த்தேன் மகனே. பதினொன்றில் ஒன்றுகூட வரவில்லை. உன் மாவுக்கட்டுதான் கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் ப்ளாய். நீ இன்னும் ஒருமுறை சறுக்கினால், அவள் ஒரு சின்னப் பானையை மடியில் வைத்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி வருவாள். அவளிடமும் இரண்டு அரசாங்கம் அதே கேள்வியைக் கேட்கும். அவள் நம்மளுக்கு யாரு என்று இதே வாசலில் இன்னொருவர் காய் பொறுக்கிக்கொண்டே கேட்பார்.

“எழுதித் தர்றேன்” என்றேன்.

அந்த வாரமே எழுதிக் கொடுத்தேன். அவரும் சொன்ன சொல் தவறவில்லை. என்னோடு வில்லேஜ் ஆபீசுக்கு வந்து, அமல் கல்யாணமாகாதவன் என்று நிமிர்ந்து நின்று சொன்னார். ஆபீசர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “ஒருத்திய வித்து ஒருத்திய வாங்கிட்டு வந்திருக்கீக” என்றாள்.

தாசில்தார் கையெழுத்தோடு சர்ட்டிபிகேட் இந்தக் கடிதத்தோடு வருகிறது. இதை அழகு பார்க்காதே, அலமாரியில் வைக்காதே, கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திருக்காதே. கட்டையை ஊன்றிக்கொண்டு எம்பஸிக்குப் போ. அவர்கள் தருவதைத் தாய்லாந்து மொழியில் எழுதவேண்டிய இடத்தில் எழுதி, முத்திரை குத்தவேண்டிய இடத்தில் குத்தி, ஆம்ப்பூரில் போய்ப் பதிந்துவிடு. அதோடு நிறுத்தாதே. உன் பள்ளிக்கூடத்துக் காகிதம், பாதுகாப்பு நிதி, இன்ஷூரன்ஸ், இங்கே உன் பெயரில் நான் தொடங்கிய பேங்க் கணக்கு, எல்லாவற்றிலும் என் பெயரையும் அம்மா பெயரையும் எடுத்துவிட்டு அவள் பெயரை எழுது. ஒரு உயிலும் எழுதி வை. சாகப்போகிறவன் எழுதுவது உயில் என்று நினைக்காதே. பக்கத்தில் ஒருத்தியைப் படுக்க வைத்திருக்கிறவன் எழுதுவது அது. எங்களுக்கு நீ ஒன்றும் விட்டுப்போக வேண்டாம். எங்களிடம் பதினொரு யானை இருக்கிறது.

உன் சித்திக்கு இனி ஏலக்காய்ப் பணம் வராது. இந்த வருஷம் காய் பிடிக்கவில்லை, மழை இல்லை என்று ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். வாய்க்குள் நல்ல கதைகூட ஒன்று தயாராக இருந்தது. வேண்டாம். உள்ளதைச் சொல். உன் கல்யாணத்துக்காக அவளுடைய பங்கை நான் விற்றுவிட்டேன் என்று, இதே வார்த்தைகளில் சொல். அவளிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. ஸ்டாண்டில் சேவியருக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்சுக்கு முன்னால் அவள் நிற்கிற படம். அதில் நம் எல்லோர் பெயரும் இருந்தது, பேரன் பேத்தி வரைக்கும். அவள் சேவியரிடம் கற்ற ஓட்டைத் தமிழில், “அண்ணா, என் பேரு எங்க?” என்று கேட்டாள். நான் கீழே மூலையில் ஒரு வரியைக் காட்டினேன். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, படம் எடுக்கச் சொன்னாள். அது போடியில் ஃப்ளெக்ஸ் அடித்த கடையின் பெயர். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அத்தனை வருஷம் அந்த வீட்டில் தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். நீயும் அவளிடம் சொல்லவில்லை. என் மகன் என்பதற்கு வேறு சர்ட்டிபிகேட் உனக்கு வேண்டாம்.

ஆம்ப்பூரில் கல்யாணம் பதியும்போது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னாய். ஒருவர் ப்ளாயின் அப்பாவாக இருக்கட்டும். இன்னொரு சாட்சியாக நிட்டைக் கூட்டிக்கொண்டு போ. சலவைக்கூடத்தில் ஒரு நாள் லீவு கேட்கச் சொல். எழுத்துக்கூட்டி, மெதுவாக, முழுப் பெயரையும் அவள் எழுதட்டும். ஒரு கல்யாணத் தாளிலாவது அவள் பெயர் இருக்கட்டும்.

உன் அப்பா